அளவு இறங்கிவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா? கொழுப்பு மாத்திரை: கேள்வி – பதில்

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி (காரைக்குடி): அப்பச்சிக்கு வயது 66. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஆறு மாதத்துக்கு முன் எல்.டி.எல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 152 இருந்தது. அடோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். இப்போது 86. லேப் சீட்டில் ‘100-க்குள் நார்மல்’ என்று போட்டிருக்கிறது. “நார்மலுக்கு வந்துட்டுது, இனி எதுக்கு மாத்திரை?” என்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது. அந்த 86 மாத்திரை சாப்பிடுவதால் வந்த 86. இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. உடம்பே செய்துகொள்கிறது, அதில் கல்லீரலுக்கு முக்கிய இடம். அந்த உற்பத்திக்குத் தேவையான ஒரு நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. உள்ளே கொலஸ்ட்ரால் குறைந்ததும் கல்லீரல் செல்கள் தங்கள் மேற்பரப்பில் எல்.டி.எல்-ஐப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூட்டிக்கொண்டு, இரத்தத்தில் இருப்பதை இழுத்துக்கொள்கின்றன. அளவு இறங்குவது இப்படித்தான். மாத்திரையை விட்டால் நொதி பழையபடி வேலை செய்யும்; சில வாரங்களிலேயே அளவு பழைய இடத்துக்குப் போய்விடும்.

அடுத்து, லேப் சீட்டில் அச்சிட்டிருக்கும் 100 எல்லோருக்கும் பொதுவானது. அப்பச்சிக்கு உரிய இலக்கு அது அல்ல. நீண்ட காலச் சர்க்கரை உள்ளவருக்கு எல்.டி.எல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் என்றால் 55-க்குக் கீழே. ஆக 86 இன்னும் போதாது. நிறுத்தலாமா என்பதை விட்டுவிட்டு, கூட்ட வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இங்கே ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது. சுமார் 6 சதவீதப் புள்ளிதான் கூடுதலாகக் கிடைக்கும். அப்பச்சிக்கு 20 மி.கி.யில் 43 சதவீதம் இறங்கியிருக்கிறது, இது எதிர்பார்த்த அளவுதான். 40 மி.கி. ஆக்கினால் 49 சதவீதம், அதாவது 77 – 78 அருகில் வரும். அதைவிட, இருக்கிற 20 மி.கி.யோடு எசெட்டிமைப் 10 மி.கி. சேர்த்தால், 86-லிருந்து மேலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 70-ஐத் தொடும். எசெட்டிமைப் வேலை செய்யும் இடம் குடல். அங்கே கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. எது பொருத்தம் என்பதைச் சிறுநீரகம், மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். மாற்றிய பிறகு 4 முதல் 12 வாரத்துக்குள் ஒரு முறை இரத்தம் பாருங்கள். இலக்கை அடைந்துவிட்டால் அப்புறம் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை போதும்.

ஒன்றை அப்பச்சியிடம் எடுத்துச் சொல்லுங்கள்: எல்.டி.எல் 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்த ஆய்வுத் தொகுப்புகளில் கண்டது இது. மாத்திரை சாப்பிடுவது சீட்டில் உள்ள எண்ணுக்காக அல்ல, இந்தப் பலனுக்காகத்தான். வருடக்கணக்கில் விடாமல் சாப்பிட்டவர்களுக்குத்தான் அது முழுதாகக் கிடைக்கிறது.

கேள்வி (தேவகோட்டை): வயது 52. கேம்ப்பில் பார்த்தபோது டோட்டல் கொலஸ்ட்ரால் 240 என்றார்கள். சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. உடனே மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா?

பதில்: மொத்த அளவை மட்டும் பார்த்து எதையும் ஆரம்பிக்க வேண்டாம். நீங்கள் இணைத்திருக்கும் சீட்டில் ஹெச்.டி.எல் (நல்ல கொலஸ்ட்ரால்) 62, டிரைகிளிசரைடு (இரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 110 என்று இருக்கிறது. மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்.டி.எல் கிடைக்கும்: 240 – 62 – 22 = 156. (டிரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கு பொய்க்கும், அப்போது எல்.டி.எல்-ஐ நேரடியாக அளக்கச் சொல்லுங்கள்.) மொத்தம் 198 என்று நிம்மதியாக இருக்கும் இன்னொருவருக்கு ஹெச்.டி.எல் 34, டிரைகிளிசரைடு 210, கூடவே புகைப்பழக்கம் என்றால், உங்களைவிட அவருக்கே ஆபத்து அதிகம்.

முதலில் டி.எஸ்.ஹெச் பாருங்கள். தைராய்டு குறைவாக இருந்தாலே எல்.டி.எல் ஏறும், தைராய்டைச் சரி செய்யாமல் ஸ்டாட்டின் கொடுத்தால் தசைவலியும் கூடுதலாக வரும். மாதவிலக்கு நிற்கும் வயதில் எல்.டி.எல் தானாகவே கொஞ்சம் உயர்வதும் உண்டு. உங்கள் குடும்பத்தில் அப்பா அல்லது அண்ணன் தம்பி 55 வயதுக்கு முன்போ, அம்மா அல்லது அக்கா தங்கை 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு கண்டிருந்தால் கணக்கே மாறும். அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற பரிசோதனையை வாழ்நாளில் ஒரு முறை செய்துகொள்வது நல்லது. அது பரம்பரையாக வருவது, உணவாலோ நடையாலோ மாறாது. இவையெல்லாம் சரியாக இருந்தால், மூன்று மாதம் உணவும் நடையும் பார்த்துவிட்டு மறுபடி அளக்கலாம். எல்.டி.எல் 190-ம் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

கேள்வி (கோட்டையூர்): வயது 58. மூன்று மாதமாக ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போய் வந்தேன். இரண்டு தொடையும் கெண்டைக்காலும் விண்விண் என்று தெறிக்கின்றன. மாத்திரையால்தான் என்கிறார்கள். நிறுத்திவிட்டு சி.பி.கே. டெஸ்ட் எடுக்கப் போகிறேன். சரிதானா?

பதில்: இந்த வாரம் அந்த டெஸ்ட் எடுக்காதீர்கள். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாக நாள் கணக்கில் நடந்தவருக்கு ஸ்டாட்டின் சாப்பிடாவிட்டாலும் சி.பி.கே. உயர்ந்துதான் இருக்கும். உழைத்த தசையிலிருந்து கசிகிற பொருள் அது. ஏழு முதல் பத்து நாள் ஓய்வுக்குப் பிறகு எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

ஆனால் மூன்று அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றியும் எழ முடியாத பலவீனம். வலியோடு காய்ச்சலும் வாந்தியும். இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. மிக மிக அரிது. ஆனால் வெயிலில் தண்ணீர் குறைந்து, வழியில் வலி மாத்திரையும் போட்டுக்கொண்டு நடந்தவருக்கு எச்சரிக்கை தேவை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நடையின்போது தவிர்ப்பதே நல்லது. முடியாதபோது பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்டாட்டினால் வரும் வலிக்கு ஒரு சாயல் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தொடை, இடுப்பு, தோள், கெண்டைக்கால் என்று பெரிய தசைகளில் வரும். ஆரம்பித்த அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் தலைகாட்டும். ஒரு முழங்கால் மட்டும் வலிப்பது, பாதம் மரத்துப்போவது, இடுப்பிலிருந்து ஒரு காலுக்கு இறங்குவது எல்லாம் வேறு காரணத்தால்.

உங்கள் வலி இடத்தால் பொருந்துகிறது; நடையாலும் பொருந்துகிறது. பத்து நாளில் தானாகக் குறைந்தால் நடைதான் காரணம். குறையாவிட்டால் டாக்டரிடம் சொல்லி, அவர் மேற்பார்வையில் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். வலி போய், மறுபடி ஆரம்பித்ததும் திரும்ப வந்தால் மாத்திரைதான் காரணம். அப்போதும் வழி இருக்கிறது: 5 மி.கி.க்கு இறங்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், ரோசுவாஸ்டாட்டினை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாம் (அது உடம்பில் நீண்ட நேரம் தங்கும்), குறையும் பலனை ஈடுகட்ட எசெட்டிமைப் சேர்த்துக்கொள்ளலாம். நிறுத்தி இரண்டு மாதமாகியும் வலி அப்படியே இருந்தால் ஸ்டாட்டினைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு வைட்டமின் டி, தைராய்டு, முதுகெலும்பு என்று வேறு காரணம் தேடுங்கள். சி.பி.கே. வழக்கமான உச்சவரம்பைப்போல் பத்து மடங்குக்கு மேல் போனால் உடனே நிறுத்த வேண்டும்.

20 மி.கி. என்பதையும் டாக்டரிடம் எழுப்புங்கள். ஆசிய நாட்டவர் உடம்பில் ரோசுவாஸ்டாட்டின் சுமார் இரண்டு மடங்கு அளவில் சேர்கிறது. அதனால்தான் நம்மவர்களுக்கு 5 மி.கி.யில் தொடங்கச் சொல்கிறார்கள். மாரடைப்பு வந்தவருக்கு 20 தேவைப்படலாம். மற்றவர்களுக்கு அந்தளவு ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

வலி பொய் என்று யாரும் உங்களிடம் சொல்ல வேண்டாம். ஆனால் பயமும் வலியைக் கொண்டுவரும். ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திய 60 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், சில மாதம் உண்மை மாத்திரை, சில மாதம் மருந்தில்லாத மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். உண்மை மாத்திரையில் வந்த தொந்தரவில் 90 சதவீதம், மருந்தில்லாத மாத்திரையிலும் வந்தது. முடிவைக் காட்டியதும் பாதிப் பேர் மறுபடி மாத்திரையைத் தொடர்ந்தார்கள்.

அடுத்த ஆண்டு நடைக்கு ஒரு குறிப்பு. வழியில் இருமல் என்று மருந்துக்கடையில் வாங்கும் ஆன்டிபயாட்டிக்குகளில் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் இரண்டும் அடோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர்களுக்கு ஆகாது. ஸ்டாட்டின் உடம்பில் சிதைந்து வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கித் தசையைத் தாக்கும். அசித்ரோமைசினில் இந்தச் சிக்கல் குறைவு. படர்தாமரைக்கு வாரக்கணக்கில் எழுதும் இட்ராகோனசோலும் அதே வகைதான், தோல் டாக்டரிடம் ஸ்டாட்டின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (திருப்பத்தூர்): ராத்திரி சாப்பிட வேண்டுமா, காலையிலா? ஒரு வேளை மறந்தால்?

பதில்: அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டையும் எந்த நேரமும் சாப்பிடலாம், சாப்பாட்டுக்கு முன், பின் என்பதும் இல்லை. சிம்வாஸ்டாட்டின் சீக்கிரம் வெளியேறிவிடும், அதை மட்டும் இரவில். மறந்தது அன்றே ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் என்றால் வழக்கமான ஒன்று மட்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் திரவம் குடிப்பவர்கள் ரோசுவாஸ்டாட்டினுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் விட்டுக் குடிக்க வேண்டும்.

கேள்வி (கானாடுகாத்தான்): கோலாலம்பூரிலிருந்து தம்பி சிவப்பு ஈஸ்ட் அரிசிக் கேப்ஸ்யூல் அனுப்பியிருக்கிறான். நம் கவுனி அரிசி மாதிரி இயற்கையானது, ஸ்டாட்டினுக்குப் பதில் சாப்பிடலாம் என்கிறான்.

பதில்: கவுனி அரிசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கவுனி, நிறமுள்ள ஒரு நெல் ரகம். சிவப்பு ஈஸ்ட் அரிசி, சாதாரண அரிசியில் ஒரு பூஞ்சையை வளர்த்து எடுப்பது. அந்தப் பூஞ்சை சுரக்கும் மொனகோலின் கே என்பதும், 1987-இல் அமெரிக்காவில் முதல் ஸ்டாட்டினாக அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டினும் ஒரே மூலக்கூறுதான். ஸ்டாட்டின் குடும்பமே பூஞ்சையிலிருந்து வந்தது. 1970-களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ பெனிசிலியம் வகைப் பூஞ்சையில்தான் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். எனவே கேப்ஸ்யூலில் நீங்கள் சாப்பிடப் போவதும் ஸ்டாட்டின்தான்; எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. குப்பிக்குக் குப்பி மாறும். சிலவற்றில் சிட்ரினின் என்ற சிறுநீரக நஞ்சும் கலந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்த மாத்திரையோடு இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் இரட்டை ஸ்டாட்டின். தம்பியின் அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு ஓரமாக வைத்துவிடுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): மாத்திரை சாப்பிடுகிறோம், இனிப் பத்தியம் எதற்கு என்கிறார் வீட்டுக்காரர். வீட்டில் செக்கு நல்லெண்ணெயும் கடலெண்ணெயும்தான். பலகாரம், கோலா உருண்டை, சுக்கா எல்லாம் விட வேண்டுமா ஆச்சி என்று மருமகளும் கேட்கிறாள்.

பதில்: மாத்திரை பத்தியத்துக்குப் பதில் ஆகாது, இரண்டும் சேர்ந்தால் சிறிய அளவு மாத்திரையிலேயே இலக்கு கிடைக்கும்.

எண்ணெய் பாட்டிலில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது. பார்க்க வேண்டியது நிறைகொழுப்பு, எல்.டி.எல்-ஐ ஏற்றுவது அதுதான். நல்லெண்ணெயில் சுமார் 15 சதவீதம், கடலெண்ணெயில் 20-க்குள், பாமாயிலில் 50 அளவில், நெய்யில் 60-க்கு மேல், தேங்காயெண்ணெயில் 85-க்கு மேல். ஆக உங்கள் செக்கு எண்ணெய்கள் நல்ல தேர்வுதான். எல்லா எண்ணெயையும் சேர்த்து ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிற்கட்டும். தேங்காய்ப் பாலும் முந்திரியும் அரைத்துவிட்ட குழம்பில், கறியைவிடக் குழம்பே கனமாகிவிடும்.

கோலா உருண்டை, வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம் எல்லாம் எண்ணெயில் மூழ்கி வருபவை. படைப்புக்கும் கல்யாணத்துக்கும் சாப்பிடுங்கள், மாலைதோறும் வேண்டாம். பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். வெள்ளாட்டுக்கறியை வெள்ளைக் கொழுப்பை நீக்கி வாங்கி, வேகவைத்து, ஆறியதும் மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டுச் சுக்கா வறுக்கலாம். வாரம் ஒரு நாள் போதும். ஈரலும் மூளையும் கொலஸ்ட்ரால் மிகுந்தவை, அபூர்வமாக மட்டும். மத்தி, நெத்திலியைக் குழம்பாக வைத்தால் நல்லது. முட்டை மஞ்சள் கருவில் சுமார் 200 மி.கி. கொலஸ்ட்ரால் இருந்தாலும், அது நிறைகொழுப்பு அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. சர்க்கரை இல்லாதவர் நாளைக்கு ஒன்று சாப்பிடலாம்.

இனிப்பும் வெள்ளைச் சோறும் எல்.டி.எல்-ஐவிட டிரைகிளிசரைடை ஏற்றும். வீட்டுக்காரருக்கு அது 280 என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் குறைக்க வேண்டியது கறியைக் காட்டிலும் சோறும் அதிரசமும், மது உண்டென்றால் அதையும். 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சிக்குப் பயந்து தனி மருந்து தேவைப்படும்.

பம்பளிமாஸ் பழம் மட்டும் அடோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டினோடு நிறையச் சாப்பிட வேண்டாம். சாத்துக்குடி, எலுமிச்சைக்குத் தடையில்லை.

கேள்வி (புதுவயல்): ஸ்டாட்டினால் சர்க்கரை வரும், ஈரல் கெடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பதில்: சர்க்கரை பற்றியதில் உண்மை இருக்கிறது, அளவோடு. 255 பேர் நான்கு ஆண்டு சாப்பிட்டால் அவர்களில் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை வருகிறது. பெரும்பாலும் ஏற்கெனவே எல்லையில் நிற்பவருக்கு. அதே கூட்டத்தில் தடுக்கப்படும் மாரடைப்பும் பக்கவாதமும் அதைவிடப் பல மடங்கு. எனவே தொடங்கும்போதும் வருடந்தோறும் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பாருங்கள், மாத்திரையை விடாதீர்கள்.

ஈரலுக்கு, தொடங்கும் முன் ஒரு முறை எஸ்.ஜி.பி.டி. (ஈரல் நொதியின் அளவு) பார்த்தால் போதும். அது உச்சவரம்பில் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் நிறுத்திப் பார்ப்பார்கள். கொழுப்பு ஈரல் இருப்பது ஸ்டாட்டினுக்குத் தடையல்ல. அவர்களுக்கு இதய ஆபத்து அதிகம் என்பதால் இன்னும் அவசியம். மஞ்சள் காமாலை முற்றிய நிலை, ஈரல் சுருக்கம் முற்றிய நிலை மட்டுமே விலக்கு.

கேள்வி (பொன்னமராவதி): வயது 29. எல்.டி.எல் 214. அயித்தை மகனைக் கட்டியிருக்கிறேன். அவருக்கும் 200-க்கு மேல். இப்போதுதான் ஸ்டாட்டின் ஆரம்பித்தேன். குழந்தைக்கு முயற்சி செய்கிறோம்.

பதில்: முயற்சியைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசி ஸ்டாட்டினை நிறுத்துங்கள், தாய்ப்பால் கொடுத்து முடிக்கும் வரை பெரும்பாலானோருக்கு அது வேண்டாம். தெரியாமல் கர்ப்பமான பிறகு சில நாள் சாப்பிட்டிருந்தால் பதற வேண்டாம், அன்றே நிறுத்திவிட்டுச் சொல்லிவிடுங்கள். கணவர் தொடர்ந்து சாப்பிடலாம்.

இருவருக்கும் 190-க்கு மேல், அதுவும் நெருங்கிய சொந்தம் என்பதால், இது பரம்பரைக் கொலஸ்ட்ராலாக இருக்கலாம். இருவரிடமும் ஒரே மரபணுக் குறை இருந்தால், குழந்தைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்படிப்பட்ட குழந்தைக்கு எல்.டி.எல் 400, 500 என்று போகும். சிறுவயதிலேயே இதயம் பாதிக்கும். முயற்சிக்கு முன்பே மரபியல் ஆலோசனையும் இதயநோய் நிபுணரின் கருத்தும் பெறுங்கள். குதிகாலுக்கு மேலே பின்புறத் தசைநாண் தடித்திருப்பது, கண்ணிமையில் மஞ்சள் திட்டு ஆகியவற்றை இரண்டு குடும்பத்துப் பெரியவர்களிடமும் கவனியுங்கள். உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரு முறை இரத்தம் பார்க்க வேண்டும்.

கேள்வி (நாச்சியாபுரம்): ஐயாவுக்கு 74, ஸ்டென்ட் வைத்தவர். மதுரை டாக்டர் அடோர்வாஸ்டாட்டின் 40 எழுதினார். அரசு ஆஸ்பத்திரியில் 10 மி.கி. மாத்திரைதான் தந்தார்கள். வீட்டில் இருக்கும் ஆஸ்பிரின் கேப்ஸ்யூல் அட்டையிலும் ‘அடோர்வாஸ்டாட்டின்’ என்று எழுதியிருக்கிறதே?

பதில்: நல்ல நேரத்தில் அட்டையைப் படித்தீர்கள். ஆஸ்பிரினும் அடோர்வாஸ்டாட்டினும் ஒரே கேப்ஸ்யூலில் வருவது நம் ஊரில் சாதாரணம். அதைச் சாப்பிட்டுக்கொண்டே தனி அடோர்வாஸ்டாட்டினும் சாப்பிட்டால் கணக்கு எகிறிவிடும். கேப்ஸ்யூலில் 10 மி.கி. இருந்தால் தனியாக 30 போதும், அதாவது அரசு மாத்திரை மூன்று. 20 இருந்தால் இரண்டு. 40 இருந்தால் தனி மாத்திரையே வேண்டாம். கேப்ஸ்யூல் இல்லாமல் சாதா ஆஸ்பிரின் என்றால் 10 மி.கி. நான்கையும் ஒரே வேளையில் சேர்த்துப் போடலாம், பலன் 40-தான். எது எத்தனை என்பதை அட்டைகளோடு போய் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அரசு மாத்திரைக்குச் சக்தி குறைவு என்று விட்டுவிடாதீர்கள், மருந்து ஒன்றுதான். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்போடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு முதலில் கொடுப்பதும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு இதே அடோர்வாஸ்டாட்டின்தான். வெளியே வாங்க வேண்டி வந்தால் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் சொல்லிக் கேளுங்கள். கம்பெனி மாறும்போது அட்டையின் நிறம் மாறும். பழைய அட்டை தீரும் முன் புதியதைப் பிரித்து இரண்டையும் ஐயாவின் டப்பாவில் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள்.